பன்னிரண்டு கட்டங்களும் ஒரு பொக்லைனும்

மண்வள அட்டையில் பன்னிரண்டு கட்டங்கள். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமிலத்தன்மை, உப்பின் அளவு, கரிமச்சத்து. 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் இது. அந்த அட்டை நம் கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக்கும் புவனகிரிக்கும்கூட வந்து வீட்டு உத்தரத்தில் செருகப்பட்டிருக்கிறது. தன் கழனியில் போரான் எவ்வளவு என்று தெரியாமலே ஆயிரம் வருஷம் நெல் விளைவித்துவிட்டுப் போய்ச் சேர்ந்த பாட்டன்மார்களை நினைத்து நாம் வெட்கப்படலாம்.

மண் மாதிரி எடுப்பதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. எரு கொட்டிய இடத்தில் எடுக்கக் கூடாது. வரப்போரம், மர நிழல், வாய்க்காலை ஒட்டிய இடம் ஆகாது. மேலே கிடக்கும் சருகையும் புல்லையும் கையால் ஒதுக்கிவிட்டு மண்வெட்டியால் ‘வி’ வடிவில் ஒரு வெட்டு. நெல் வயல் என்றால் 15 செ.மீ. ஆழம். வெட்டின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து இடம். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளி, மிச்சத்தைத் திரும்பக் கலந்து, திரும்பப் பங்கு போட்டு, கடைசியில் தேறும் அரைக் கிலோவை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, சர்வே எண் எழுதி அனுப்ப வேண்டும். உதவி வேளாண்மை அலுவலர் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். மண்ணுக்கு வலித்துவிடக் கூடாது பாருங்கள்.

அரைக் கிலோ மண்ணிடம் இவ்வளவு பவ்வியமாக நடந்துகொள்ளும் அரசாங்கம், 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவிக்கு வந்தது. அன்றைக்குத் துணிப்பையை மறந்துவிட்டு வந்திருந்தது. பொக்லைன்களை மறக்கவில்லை.

பொக்லைன்களை அனுப்பிய நெய்வேலி என்.எல்.சி. பழுப்பு நிலக்கரி நிறுவனம் மத்திய அரசுடையது, காவலுக்கு வந்த போலீஸ் மாநில அரசுடையது. ஆளுநர் முதல் நீட் வரை எதிலும் ஒத்துப்போகாத டெல்லியும் சென்னையும், நெல்லின் மேல் ஏறுவதில் மட்டும் தோளோடு தோள் நின்றன. கூட்டாட்சித் தத்துவத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது. பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம்.

படத்தை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். கதிர் வாங்கும் தறுவாயில் பச்சைப் பசேல் என்று நின்ற பயிர். அதன் நடுவே மஞ்சள் நிறத்தில் வரிசையாக இயந்திரங்கள். தொட்டி ஒரு முறை இறங்கி ஏறினால், பயிர் தலைகீழாகப் புதைந்து, ஈரம் பளபளக்கும் அடிக்களி மேலே வந்து விழுந்தது. உழவன் 15 செ.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துப் பார்த்து உழுத நிலத்தை, அரை நிமிஷத்தில் புரட்டிப் போட்டார்கள். எதற்கு? பரவனாற்றை நகர்த்த. சுரங்கம் விரிந்துகொண்டே வருகிறது, வழியில் ஆறு குறுக்கே நிற்கிறது, ஆகவே ஆறு விலகிக்கொள்ள வேண்டும். 12 கி.மீ. மாற்று வாய்க்காலில் பத்தரை கி.மீ. முடிந்துவிட்டதாம், ஒன்றரைதான் பாக்கியாம். அந்த ஒன்றரையில்தான் நெல் நின்றுகொண்டிருந்தது. ஆறே விலகுகிறது, நெல்லுக்கு என்ன பிடிவாதம்!

நிறுவனத்தின் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நிலத்தை 2006-க்கும் 2013-க்கும் இடையிலேயே கையகப்படுத்திவிட்டார்கள். காகிதப்படி அது அவர்கள் நிலம். பயிர் வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தவர்கள் விவசாயிகள்தான். குற்றவாளிகள் பிடிபட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷம் யாரும் எடுத்துக்கொள்ள வராத நிலத்தை, தண்ணீர் வரும் காலத்தில் தரிசாகப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கத் தெரியாத ஜனங்கள். ஆனி பிறந்தால் கை அரிக்கிற வியாதி இந்தப் பக்கத்தில் பரம்பரை பரம்பரையாக இருக்கிறது. இதற்கு மருந்து கண்டுபிடித்தால் சுரங்கத் தொழிலுக்குப் பேருதவியாக இருக்கும்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயிர் அழிக்கப்படுவதைப் பார்த்துத் தனக்கு அழுகை வந்ததாக நீதிபதி எம். தண்டபாணி மன்றத்திலேயே சொன்னார். இத்தனை வருஷம் பொறுத்தவர்கள் அறுவடை வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். ஒரு நீதிபதிக்கு அழுகை வந்தது. கோட்டையில் யாருக்கும் வந்ததாகச் செய்தி இல்லை. அங்கே அப்போது வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்தவர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம். இதே கடலூர் மாவட்டத்துக்காரர், குறிஞ்சிப்பாடியின் எம்.எல்.ஏ. 2021-ல் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் பட்ஜெட்டைப் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு படித்தவர். துண்டின் பச்சைக்கும் பயிரின் பச்சைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை.

அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். பயிருக்குப் பணம் வந்துவிட்டது. நிலத்துக்கு ஏற்கெனவே சென்ட் கணக்கில் பணம், அதற்கு மேல் கருணைத் தொகை, வீட்டு மனை, வேலை கிடைக்குமா கிடைக்காதா என்ற நிரந்தரச் சண்டை. கட்சிகளில் பல இந்தத் தொகையைக் கூட்டத்தான் போராடின. ஜூலை 28 அன்று நெய்வேலி நுழைவாயிலில் பா.ம.க. நடத்திய முற்றுகை கல்வீச்சிலும் கண்ணீர்ப்புகையிலும் முடிந்து, கட்சித் தலைவர் அன்புமணி கைதானார். இத்தனை கூச்சலில், பயிருக்கும் பரப்பளவுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒன்றரை முழக் கறுப்பு மண்ணுக்கு என்ன விலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் இல்லை. இழப்பீட்டுப் படிவத்தில் மண்ணுக்குக் கட்டமே கிடையாது. மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டு, காலையில் கறந்த பாலுக்குக் காசு எண்ணி வைக்கிற வியாபாரம் இது.

அந்த மண் என்ன மண் என்று சொல்ல வேண்டும். இது கோவில்பட்டிக் கரிசல் அல்ல. கரிசலுக்கு எழுத்தாளர் கி.ரா. கிடைத்தார், அதன் புகழ் ஊரறியும். எங்கள் பக்கத்துக் கறுப்பு வேறு வம்சம், கொள்ளிடமும் வெள்ளாறும் வெள்ளத்துக்கு வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய களி. நெய்வேலி மேட்டுச் செம்மண்ணை விட்டுச் சேத்தியாத்தோப்பு இறக்கத்துக்கு வந்ததும் நிறம் மாறிவிடும். சித்திரையில் முழங்கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் இறங்கினால் செருப்பைப் பிடுங்கிக்கொண்டுதான் காலை விடும். டிராக்டர்காரன் திட்டாத நாளில்லை. ஆனால் தை மாதத்தில் போய்ப் பாருங்கள். சம்பா அறுவடைக்கு ஏழு பத்து நாள் இருக்கும்போது, நெற்பயிர் நின்றுகொண்டிருக்கும்போதே, அதற்குள் நடந்து உளுந்தையும் பச்சைப்பயறையும் வீசுவார்கள். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். கட்டை விரலால் அமுக்கினால் ரேகை பதிய வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. ஒரு நாள் முந்தினால் விதை அழுகும், நாலு நாள் பிந்தினால் முளைக்காது. அறுவடை முடிந்து தாள் நிற்கும்போது கீழே இரண்டு இலை விட்டிருக்கும். அதன் பிறகு உழவு இல்லை, பாய்ச்சல் இல்லை. களி பிடித்துவைத்திருக்கிற ஈரத்திலும் பனியிலும் அறுபத்தைந்து எழுபது நாளில் காய் முற்றிவிடும். போகிற போக்கில் வேரிலே தழைச்சத்தையும் மண்ணுக்குக் கட்டிவைத்துவிட்டுப் போகும். அப்புறம் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டிவந்து கிடை போடுவார்கள். கிடை எழுந்ததும் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவார்கள்.

இதற்குத்தான் இப்போது நிலைத்த நீடித்த மண் மேலாண்மை என்று பெயர் வைத்து, நட்சத்திர ஓட்டலில் குளிர்சாதனத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு கருத்தரங்கு நடத்துகிறார்கள்.

மேல்மண் இரண்டு மூன்று செ.மீ. உருவாக ஆயிரம் வருஷம் ஆகலாம் என்பது ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் அடிக்கடி சொல்லும் கணக்கு. எங்கள் களிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பாறை கரைந்து உண்டானதல்ல, ஆறு சுமந்து வந்தது. ஒரு பெருவெள்ளம் ஒரு விரற்கடை போட்டுவிட்டுப் போகும். ஆகையால் போனால் போகிறது, மறுபடி வரும் என்று யாராவது சமாதானம் சொல்ல முன்வரலாம். வராது. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை, 1934-ல் மேலே மேட்டூர் அணை. காவிரியின் வண்டல் பாதி வழியிலேயே படுத்துவிட்டது. இந்தப் பக்கத்துக்கு வருகிற மிச்சம் வடவாற்றின் வழியாக வீராணத்துக்குள் போய்த் தேங்கி ஏரியைத் தூர்க்கிறது. தண்ணீர் மட்டும் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. எனவே இருக்கிற மண்தான் மண். பொக்லைன் புரட்டிப் போட்டதற்கு ஈடாகக் கொண்டுவந்து கொட்ட இனி ஒரு ஆறும் இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறதே! 2020 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள். மாலை மேல் மாலை. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி என்று ஐந்து ஒன்றியங்களுக்கு அந்தப் பாக்கியம். அந்த மண்டலத்தில் புதிதாகத் துத்தநாக உருக்காலை, செம்பு உருக்காலை, தோல் தொழிற்சாலை, எண்ணெய் எரிவாயுக் கிணறு எதுவும் வரக் கூடாது. கப்பல் உடைக்கும் தொழிலும் கூடாது. குமராட்சியில் கப்பல் உடைக்க வந்தவர்கள் ஏமாந்து திரும்பியிருப்பார்கள். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருக்கிற வேலைகளைச் சட்டம் தொடாது. சாலை, துறைமுகம், குழாய்ப்பாதை, மின்சாரம் ஆகியவற்றையும் தொடாது. டெல்டாவை இதுவரை தின்றவை எவையோ அவற்றுக்கெல்லாம் விலக்கு. வராத பகைவனுக்கு எதிராக ஊர் எல்லையில் காவல், உள்ளே இருப்பவனுக்கு இலை போட்டுப் பந்தி.

அடுத்த ஆட்சிக்காவது கோபம் வந்ததா? வந்தது, 2023 ஏப்ரலில் வந்தது. சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு, தஞ்சையில் வடசேரி, அரியலூரில் மைக்கேல்பட்டி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளை மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலப் பட்டியலில் போட்டதும் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், தானும் டெல்டாக்காரன் என்று சட்டப்பேரவையில் முழங்கினார். ஏப்ரல் 8 அன்று மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி மூன்றையும் நீக்குவதாக ட்வீட் போட்டார். டெல்டாவைக் காத்தது நாங்கள்தான் என்று அத்தனை கட்சியும் போஸ்டர் ஒட்டியது. பசை காய்வதற்குள் ஜூலை வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் டெல்டாக்காரராக இருந்தவருடைய போலீஸ், வளையமாதேவி வரப்பில் லத்தியோடு நின்றது. வருகிற சுரங்கத்தை எதிர்ப்பது வீரம், இருக்கிற சுரங்கத்துக்குக் காவல் நிற்பது நிர்வாகம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது வள்ளலார் வருஷம். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ல் பிறந்து, நெய்வேலிக்குப் பக்கத்து வடலூரில் சபை கட்டிய அந்த மனிதரின் இருநூறாவது ஆண்டை, 2022 அக்டோபரிலிருந்து ஒரு வருஷம் முழுக்கக் கொண்டாடியது அரசு. பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தாயிற்று. வாரம் தவறாமல் அன்னதானம். தண்ணீர் இல்லாமல் வதங்கிய பயிரைப் பார்த்தே மனம் நொந்தவருக்கு, தண்ணீர் பாய்ந்து செழித்து நின்ற பயிரை நசுக்கி விழா எடுத்தோம். கருணைத் தொகை என்று வேறு பெயர் வைத்தோம். அதே வருஷம், அதே மாவட்டம், வடலூர் பேருந்து நிலையத்திலிருந்து சேத்தியாத்தோப்பு பஸ் ஏறினால் போய்விடலாம். அன்னதானத்துக்கு வந்த அமைச்சர்களின் கார்களுக்குத்தான் வழி தெரியவில்லை.

வெளிநாட்டிலும் இதெல்லாம் நடக்கத்தான் செய்கிறது என்பார்கள். ஆமாம். அதே 2023 ஜனவரியில் ஜெர்மனியில், பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக லுட்செராத் என்ற கிராமத்தைப் போலீஸை விட்டுக் காலி செய்தார்கள். போராட வந்த கிரேட்டா துன்பர்க்கைத் தூக்கிக்கொண்டு போன படம் உலகமெல்லாம் வந்தது. ஐரோப்பாவின் மிகச் செழிப்பான மண்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அநியாயம் அங்கேயும் அநியாயம்தான். ஆனாலும் அந்த மேல்மண்ணைத் தனியாக வெட்டி எடுத்து, சுரங்கம் நகர்ந்த பிறகு திரும்ப விவசாயம் செய்யும் இடங்களில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் கனத்துக்கு விரிக்க வேண்டும் என்ற கணக்காவது அங்கே உண்டு. நெய்வேலியின் முதல் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்துதான் வந்தன. சீனா ஒன்றும் குடியானவனின் சொர்க்கம் அல்ல. அங்கேகூட 2022 ஆகஸ்ட் 1 முதல் வடகிழக்கின் கறுப்பு மண்ணைக் காக்கத் தனிச் சட்டம் நடப்பில் இருக்கிறது, களவாகத் தோண்டி விற்றால் தண்டனை. இங்கேயும் சுரங்க அனுமதிகளில் மேல்மண்ணைத் தனியே குவித்து வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வழக்கமாக எழுதுவார்கள். நெய்வேலியில் தோண்டி முடித்த மேட்டில் மரம் நட்டிருக்கிறார்கள், நெல்கூட விளைவித்துக் காட்டுகிறார்கள், பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றுலாவும் உண்டு. 1956-ல் தொடங்கிய நிறுவனம். நிலம் கொடுத்த குடும்பங்களில் எத்தனை பேர் தங்கள் மண்ணைத் திரும்ப வாங்கி உழுதுகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வெள்ளை அறிக்கை போட்டால் அந்தச் சுற்றுலாவில் கொடுக்கலாம். ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் என்பது என் சந்தேகம்.

2024-ல் மாநில அரசு மண்ணுக்கென்றே ஒரு புதுத் திட்டம் அறிவித்தது. முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம். 206 கோடி ரூபாய், பசுந்தாள் உர விதை மானியம், மண்புழு உரம். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. தக்கைப்பூண்டு விதையைப் பாதி விலையில் கொடுக்கிற கைதான் பொக்லைனுக்குக் காவலும் கொடுக்கிறது என்பதை மட்டும் விதைப் பொட்டலத்தின் மேல் அச்சடித்துவிட்டால் நேர்மையாக இருக்கும். அதே வருஷம் ஏரி குளங்களின் வண்டல் மண்ணை விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள். நன்செய் என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90. அதற்கு மேல் ஒரு கூடை கூடினாலும் கனிமத் திருட்டு, டிராக்டர் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கும்.

எந்த ஊர் அலுவலகம் என்பது வேண்டாம், எல்லா ஊரிலும் இப்படித்தான் நடக்கும். காணிக்குக் குறைவாக நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் மனுவோடு நிற்கிறார்.

“சிட்டா இருக்கா?”

“இருக்குங்க சார்.”

“அடங்கல், ஆதார், வி.ஏ.ஓ. சான்று?”

“எல்லாம் வெச்சிருக்கேங்க.”

“இ-சேவையில பதிஞ்சிட்டு வாங்க. இப்படிக் கையில குடுத்தா செல்லாது. எந்த ஏரி, என்ன வண்டி, எத்தனை நடை, எத்தனை நாள், எல்லாம் அதுல போடணும். பர்மிட் வர்றதுக்கு முன்னாடி ஒரு சட்டி மண்ணு அள்ளினாலும் கேஸ்தான், தெரியும்ல?”

“தெரியும் சார். தம்பி, தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு கேக்கட்டுமா? வளையமாதேவியில வாரிக் கொட்டினாங்களே, எங்க மச்சான் கழனி மண்ணு. அதுக்கு எத்தனை கன மீட்டருன்னு பர்மிட் போட்டாங்க?”

எழுத்தர் தலையைத் தூக்கவில்லை.

“அது எங்க செக்‌ஷன் இல்ல பெரியவரே. அடுத்த ஆளு யாரு?”